உப்புப் போன களிமண்

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி மண்ணைப் படிக்கும் வேலையில், ஒரே எண் ஓரிடத்தில் கெட்ட செய்தியாகவும் இன்னோரிடத்தில் நல்ல செய்தியாகவும் இருக்கலாம் என்பதை நான் நார்வேக்குப் போன பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். நான் தொழில் கற்றது சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து வயல்களில். அங்கே 1960களின் இறுதியிலிருந்தே, அளவுக்கு மீறி நீர் இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மணற்படுகையின் மின்தடை எண் (மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு; உப்பு கூடினால் இது குறையும்) சில ஓம்-மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால், அந்த ஆழத்தில் உப்புநீர் ஏறிவிட்டது என்று விவசாயியிடம் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர் முகம் வாடும். டிரோன்ட்ஹைம் நகருக்கு வெளியே ஓர் அளவீட்டுக் குழுவோடு சில காலம் வேலை செய்தபோது, திரையில் அதே மூன்று ஓம்-மீட்டர், நான்கு ஓம்-மீட்டர் வந்ததும் பக்கத்தில் நின்ற பொறியாளர் நிம்மதியாகத் தலையசைத்தார். அங்கே உப்பு இருந்தால் நிலம் பிடிப்போடு இருக்கிறது என்று பொருள். உப்பு இல்லாத இடத்தைக் கண்டுதான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சத்தின் பெயர் குவிக் களிமண்: கலைந்தால் குழம்பாகி ஓடிவிடும் களிமண். நார்வே, சுவீடன், கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ ஆகிய பகுதிகளில் இது பரவலாகக் கிடக்கிறது. கடைசிப் பனியுகத்தின் முடிவில், பனிப்பாளம் அரைத்துக் கொடுத்த நுண்துகள்களை ஆறுகள் கடலில் கொண்டுபோய்க் கொட்டின. நன்னீரில் தனித்தனியாக மிதந்த துகள்கள், கடலின் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, சீட்டுக்கட்டு வீடு போல முனையும் பக்கமுமாகச் சாய்ந்து நின்று, நடுவே ஏராளமான நீரைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்தன. பின்னர் பனியின் பெருஞ்சுமை நீங்கியதால் நிலம் மெல்ல மேலெழுந்தது. கடலடியாக இருந்தது வயலாயிற்று. ஆஸ்லோ பகுதியில் அன்றைய கடல்மட்டத்தின் தடயம் இன்றைய கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள எந்தக் களிமண்ணும் ஒரு காலத்தில் கடலுக்குள் கிடந்ததாக இருக்கலாம்.

மேலெழுந்த களிமண்ணுக்குள் அதன்பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீரும் நிலத்தடி நன்னீரும் ஊர்ந்து சென்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருந்த உப்பு, சில இடங்களில் ஓரிரு கிராமாகக் குறைந்தது. உப்பு போனாலும் அமைப்பு கலைவதில்லை; துகள்கள் படிந்தபடியே நிற்கின்றன. ஆனால், கலைந்தால் அவற்றை மீண்டும் ஒட்டவைக்கும் விசை அங்கே இல்லை. உப்பு வெளியேறியதே இந்த நிலையாமைக்குக் காரணம் என்ற விளக்கத்தை நார்வே ஆய்வாளர் ஐவன் ரோசன்க்விஸ்ட் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதற்குப் பல திருத்தங்களையும் சேர்க்கைகளையும் தந்தபோதும், அடிப்படை இன்றும் அதுதான்.

ஆய்வகத்தில் இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குழாயிலிருந்து வெளியே தள்ளிய சாம்பல்நிற உருளை மேசைமேல் செங்குத்தாக நிற்கிறது. அதன் தலையில் சில கிலோ எடையை வைத்தாலும் தாங்குகிறது. அதில் ஒரு துண்டை வெட்டிக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறினால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலேயே அது ஊற்றக்கூடிய குழம்பாகிவிடுகிறது. பிறகு ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைத் தூவிக் கலக்கினால், கரண்டி நிற்கும் அளவுக்கு மீண்டும் இறுகுகிறது. கலைத்த பிறகு மிஞ்சும் வலிமை அரை கிலோபாஸ்கலுக்கும் கீழே போனால் அது குவிக் களிமண் என்பது நார்வேயில் நெடுங்காலமாக வழங்கிய வரையறை. கலைக்காத நிலையில் அதே மண்ணின் வலிமை இதைப்போல் பல பத்து மடங்கு இருக்கும்.

கிண்ணத்தில் நடப்பது நிலத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1978 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் ரிஸ்ஸாவில் நடந்ததே போதுமான சாட்சி. ஒரு பண்ணையில் தொழுவத்தை விரிவாக்கத் தோண்டிய மண்ணை, ஏறக்குறைய 700 கன மீட்டர், பக்கத்து ஏரிக்கரையில் கொட்டியிருந்தார்கள். அந்தச் சுமைக்குக் கரையில் 70 முதல் 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை மட்டும் முதலில் நழுவியது. நழுவிய மண் குழம்பாகி ஓடியதால் பின்னால் ஆதரவற்ற செங்குத்துச் சுவர் நின்றது. அதுவும் விழுந்து ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. முக்கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 33 ஹெக்டேர் நிலம், ஐந்தாறு மில்லியன் கன மீட்டர் மண், வீடுகளையும் பண்ணைகளையும் சுமந்தபடி ஏரிக்குள் போயிற்று. ஒருவர் இறந்தார். கையில் கேமரா வைத்திருந்த பொதுமக்கள் எடுத்த படச்சுருள் இருப்பதால், ஒரு வீடு நிமிர்ந்த நிலையிலேயே வழுக்கிச் செல்வதை இன்றும் பார்க்க முடிகிறது. 1893இல் வெர்டாலில் 116 பேரைக் கொன்ற சரிவும், 1971இல் கியூபெக்கின் சான்-ஜான்-வியானேயில் 31 பேரைக் கொண்டுபோன சரிவும் இதே குடும்பம்.

ஒரு சிறு நழுவல் எவ்வளவு தூரம் பின்னோக்கித் தின்றுகொண்டு போகும் என்பது, இந்த மண் எவ்வளவு தூரத்துக்குத் தொடர்ச்சியாகக் கிடக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. நடுவில் உப்புப் போகாத களிமண் ஒரு திண்டாக நின்றால் சரிவு அங்கே தடைபடலாம். ஆகவே பொறியாளருக்கு வேண்டியது ‘இந்தப் புள்ளியில் இருக்கிறதா’ என்ற விடை மட்டுமல்ல. ‘எங்கிருந்து எங்கு வரை’ என்ற விடையும் வேண்டும். துளையிடுதல் முதல் கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்குத் துளைகளின் எண்ணிக்கையும் செலவும் ஏறிக்கொண்டே போகும். மின்தடை அளவீடு இதில் நுழைந்தது அந்த இடைவெளியை நிரப்பத்தான்.

முறை பழையது. கான்ராட் ஸ்லம்பர்ஜர் 1912இல் தொடங்கிய சோதனைகளும், அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915இல் வெளியிட்ட நான்கு-முனை முறையும் இன்றைக்கும் அதன் முதுகெலும்பு. இரண்டு கம்பிகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறோம். செலுத்தும் கம்பியிலேயே அழுத்தத்தையும் அளந்தால், கம்பி மண்ணைத் தொடும் இடத்தின் தடை எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதனால்தான் நான்கு. கம்பிகளின் இடைவெளியை அகலப்படுத்தினால் மின்னோட்டம் ஆழமாகப் பாய்கிறது. தமிழ்நாட்டில் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க வருபவர்கள், நடுப்புள்ளியை வைத்துக்கொண்டு கம்பிகளை இரு பக்கமும் நகர்த்தி நகர்த்திக் குறிப்பது இதைத்தான். அதில் கிடைப்பது ஒரு புள்ளிக்குக் கீழே உள்ள அடுக்குகளின் வரிசை. நார்வேயில் செய்வது அதன் விரிந்த வடிவம்: ஒரே கோட்டில் 81 எலெக்ட்ரோடுகளை, அதாவது மண்ணில் அடிக்கும் கம்பிகளை, இரண்டு மீட்டருக்கோ ஐந்து மீட்டருக்கோ ஒன்றாக அடித்துப் பல இழைக் கேபிளில் கோத்துவிட்டால், எந்த நான்கை எப்போது பயன்படுத்துவது என்பதைக் கருவியே மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான அளவுகளை எடுத்துக்கொள்கிறது. எட்டும் ஆழம், பரப்பிய கோட்டின் நீளத்தில் தோராயமாக ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் பாதி நேரம் கம்பி மண்ணைத் தொடுகிறதா என்று பார்ப்பதிலேயே போகிறது. அளவீடு தொடங்குமுன் கருவி ஒவ்வொரு எலெக்ட்ரோடாகச் சோதித்து, தொடர்பு சரியில்லாதவற்றின் எண்ணைத் திரையில் காட்டும். அந்த எண்ணைத் தேடிப் புல்வெளியில் நடந்து போனால், கம்பி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது கவ்வி கழன்றிருக்கும், அல்லது வேர்முடிச்சில் காற்று புகுந்திருக்கும். ஓர் அடி தள்ளி அடித்து, தண்ணீர் ஊற்றி, மிதித்து இறுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் நம் வயல்களில் கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது எல்லோரும் செய்வதுதான். நார்வேயில் கோடையில் அந்தத் தொல்லை குறைவு. மாறாக, குளிர்காலத்தில் மேல்மண் உறைந்துவிட்டால் கருவியை வண்டியிலிருந்து இறக்குவதே வீண். ஆட்டுப்பட்டியின் கம்பிவேலியும், புதைந்த குடிநீர்க் குழாயும், மின்கேபிளும் மின்னோட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது மட்டும் இரு நாட்டுக்கும் பொது.

வந்த அளவுகள் நிலத்தின் உண்மையான மின்தடை எண்கள் அல்ல. பல அடுக்குகள் கலந்து தரும் தோற்ற எண்கள். எப்படிப்பட்ட நிலம் இருந்தால் இந்த அளவுகள் வந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிட்டு, வண்ணம் தீட்டிய ஒரு குறுக்குவெட்டுப் படத்தைத் தருகிறது. இத்துறையில் உலகமெங்கும் பழகிய மென்பொருளான ரெஸ்2டிஇன்வை எழுதியவர் மலேசியரான மெங் ஹெங் லோக். நார்வே நிலவியல் ஆய்வு நிறுவனம் தன் கள அனுபவத்திலிருந்து அந்தப் படத்தைப் படிப்பதற்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. ஒன்று முதல் பத்து ஓம்-மீட்டர் வரை என்றால் உப்புப் போகாத கடற்களிமண். பத்து முதல் நூறு வரை என்றால் உப்புப் போன களிமண், அது குவிக்காக இருக்கலாம். நூறுக்கு மேல் காய்ந்த மேற்களிமண், மணல், பனியாறு விட்டுச்சென்ற சரளை. அடிப்பாறை பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் நிற்கும்.

நடுவில் உள்ள ‘இருக்கலாம்’ என்பதைத்தான் அறிக்கைகளைப் படிப்பவர்கள் விரைவில் மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. மின்னோட்டத்துக்குக் களிமண்ணின் வலிமை தெரியாது. கிளறினால் அது குழம்பாகுமா என்பதும் தெரியாது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரில் அயனிகள் எவ்வளவு, களித்துகள்கள் எவ்வளவு, நீர் எவ்வளவு என்ற மூன்றின் கூட்டுத்தொகையைத்தான் அது காட்டுகிறது. நுண்மணல் கலந்த சாதாரணக் களிமண்ணும் முப்பது ஓம்-மீட்டர் காட்டும். இன்னும் சிக்கலானது, ஒரு காலத்தில் குவிக்காக இருந்து பிறகு மாறிய மண்: மேற்பரப்புக்கு அருகே கனிமங்கள் சிதைந்து கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் அயனிகளை வெளியிடும்போது துகள்களுக்கிடையே பிடிப்பு திரும்பிவிடுகிறது. அந்த அயனிகளின் அளவு மின்தடை எண்ணைப் பத்துக்குக் கீழே இழுக்கும் அளவுக்குப் போதாது. படத்தில் அது ஆபத்தான மண்ணின் நிறத்திலேயே தெரியும். ஆய்வகத்தில் அது நல்ல மண். மீஞ்சூரில் உப்புநீர் நிறைந்த மணலும் நன்னீர் ஊறிய களிமண்ணும் ஒரே எண்ணைக் காட்டி எங்களை அலைக்கழித்தது நினைவுக்கு வருகிறது. அங்கேயும் கடைசியில் ஏதாவதொரு கிணற்று நீரைச் சோதித்தோ, துளையில் வந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தோதான் வழக்கைத் தீர்த்தோம்.

இன்னொரு பொறி கணினிக்குள்ளேயே இருக்கிறது. இவ்வகை மென்பொருள்கள் பொதுவாக, அளவுகளுக்குப் பொருந்தும் எண்ணற்ற நில அமைப்புகளில் மிக மென்மையான மாற்றம் உடையதைத் தேர்ந்தெடுக்கும்படி அமைக்கப்படுகின்றன. ஐந்து ஓம்-மீட்டர் களிமண்ணுக்குக் கீழே மூவாயிரம் ஓம்-மீட்டர் பாறை கூர்மையான எல்லையோடு கிடந்தாலும், படத்தில் அந்த எல்லை படிப்படியாக ஏறுவது போலவே வரும். ஐந்திலிருந்து மூவாயிரத்துக்கு ஏறுகிறவர் பத்தையும் நூறையும் கடந்துதானே ஆகவேண்டும்? ஆகவே, பாறைக்கு மேலே இல்லாத குவிக் களிமண்ணின் ஒரு பட்டை, கணக்கின் விளைவாகவே படத்தில் முளைத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பட்டையை ஒதுக்கிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. பாறை வெடிப்புகளிலிருந்தும் சரளை அடுக்கிலிருந்தும் அழுத்தத்தோடு மேலேறும் நன்னீர், களிமண்ணை அடியிலிருந்துதான் முதலில் கழுவுகிறது. உண்மையான குவிக் அடுக்கு உருவாக மிக வாய்ப்பான இடமும் அதுவே. பொய்யும் மெய்யும் ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் இந்தச் சிக்கலைப் படத்தை உற்றுப் பார்ப்பதால் யாரும் தீர்த்துவிட முடியாது.

தீர்ப்பது துளைதான். துளைக்கும் கம்பியைச் சுழற்றியபடி சீரான வேகத்தில் அழுத்தி, எதிர்ப்பு எவ்வளவு என்று பதிவதை நார்வேயில் முதற்கட்டமாகச் செய்கிறார்கள். சாதாரணக் களிமண்ணில் ஆழம் கூடக்கூட எதிர்ப்பும் ஏறும். குவிக் அடுக்கில் வரைகோடு ஏறாமல் நிற்கும், சில சமயம் பின்வாங்கும். அடுத்து, கூம்புமுனையால் எதிர்ப்பையும் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை. அந்தக் கூம்பின் பின்னாலேயே மின்தடையை அளக்கும் வளையங்களைப் பொருத்தும் கருவி வந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி ஏற்பட்டது. மேலிருந்து கணித்த எண்ணை, அதே இடத்தில் உள்ளே போய் நேராக அளந்த எண்ணோடு ஒப்பிடலாம். பாறைக்கு மேலுள்ள பட்டை மண்ணில் இருக்கிறதா, கணக்கில் மட்டும் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். முடிவான சொல் மட்டும் ஆய்வகத்தில் கிளறிப் பார்க்கும் அந்தக் கிண்ணத்துக்கே.

இப்படிச் சொன்னதும், எதற்கு இந்த மின்தடை வேலை, நேரே துளைபோட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் இந்த அளவீட்டின் பெரிய பயன் ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்வதில் இல்லை. ‘இங்கே இருக்க வழியில்லை’ என்று சொல்வதில் இருக்கிறது. அகன்று தடித்த ஓர் அடுக்கு முழுவதும் மூன்று, நான்கு ஓம்-மீட்டர் காட்டினால் அங்கே உப்பு பத்திரமாக இருக்கிறது. அதை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். அந்தப் பரப்பைக் கழித்துவிட்டால், கையில் உள்ள பணத்துக்குப் போடக்கூடிய சில துளைகளையும் சந்தேகத்துக்குரிய இடத்தில் குவிக்கலாம். துளைகளுக்கிடையே அடுக்கு தொடர்கிறதா, பாறை மேடு குறுக்கிடுகிறதா என்பதையும் படம் ஓரளவு காட்டும். நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கு இதே தத்துவத்தை ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட மின்காந்தச் சுருளால் செய்கிறார்கள். கம்பி அடிக்காமலே பல கிலோமீட்டர் வழித்தடத்தை விரைவில் பார்த்துவிட முடிகிறது என்றாலும், நுணுக்கத்தில் அது தரைமேல் செய்யும் அளவீட்டுக்கு இளையதுதான்.

மண்ணை அறிவதற்கு உரிய பயன் கிடைத்த ஊரும் உண்டு, கிடைக்காத ஊரும் உண்டு. ஒன்டாரியோவில் லெமியூ என்ற சிற்றூரின் அடியில் இவ்வகைக் களிமண் இருப்பது சோதனையில் தெரியவந்து, 1991க்குள் மக்களை முழுவதுமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1993 ஜூன் 20 அன்று அந்தக் கைவிட்ட ஊரின் ஓரத்தில் 17 ஹெக்டேர் நிலம் ஆற்றுக்குள் சரிந்தது. யாரும் சாகவில்லை. மறுபக்கம், ஆஸ்லோவுக்கு வடகிழக்கே யெர்ட்ரும் நகராட்சியின் ஆஸ்க் கிராமத்தில் 2020 டிசம்பர் 30 அன்று, விடிவதற்கு வெகுநேரம் முன்பே, வீடுகளோடு நிலம் இறங்கிப் பத்துப் பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே குவிக் களிமண் இருப்பது முன்பே தெரிந்ததுதான். அரசு அமைத்த வல்லுநர் குழு 2021இல் தந்த அறிக்கை, கீழே ஓடும் திஸ்டில் ஓடை பல ஆண்டுகளாகச் சரிவின் அடியை அரித்துவந்ததையே காரணமாகச் சுட்டியது. அந்த இலையுதிர்காலம் மிகுந்த மழையுடையதாகவும் இருந்தது. ஓடை கரையைத் தின்பதை எந்த எலெக்ட்ரோடும் சொல்லாது. அதற்கு ஆண்டுதோறும் கரையோரம் நடந்து பார்க்க வேண்டும், அரிப்பு தெரிந்தால் கல் பரப்ப வேண்டும். இந்த நடையை ஒரு வேலையாகவே மதிக்காத மனநிலை பொறியாளர்களிடையே இருக்கிறது. கருவி எதுவும் தேவைப்படாத வேலை என்பதே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ஆபத்தான மண் என்று உறுதியான பிறகு செய்யக்கூடியவை சில. சரிவின் தலையில் மண்ணை எடுத்துச் சுமையைக் குறைக்கலாம், காலடியில் மண்ணை நிரப்பித் தாங்கல் கொடுக்கலாம், சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து தூண்தூணாக இறுக்கலாம். இவற்றோடு, மின்தடை வேலை செய்பவர்களுக்குத் தனி ஆர்வம் தரும் வழி ஒன்றும் இருக்கிறது: போன உப்பைத் திரும்பக் கொடுப்பது. டிரோன்ட்ஹைம் அருகே டிராக்வோலில் ஆய்வாளர்கள் குவிக் அடுக்குக்குள் கிணறுகளை இறக்கிப் பொட்டாசியம் குளோரைடை நிரப்பினார்கள். உப்பு தானாகவே களிமண்ணுக்குள் பரவியது. கிணற்றைச் சுற்றி, கலைத்தாலும் ஓடாத வளையம் ஒன்று உருவானது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அறிய மின்தடை அளக்கும் கூம்பையே இறக்கினார்கள். உப்பு சேர்ந்த இடத்தில் எண் இறங்கிக் காட்டியது. பரவும் வேகம் மிகக் குறைவு என்பதும், பல ஆண்டுகள் காத்திருந்தாலும் ஒரு கிணற்றின் பயன் மீட்டர் கணக்கிலேயே நிற்கும் என்பதும் இதன் குறை. நாளைக்கே வீடு கட்ட வேண்டியவருக்கு இது உதவாது. நெடுங்காலத் திட்டத்தோடு சாலைக்கோ பாதுகாப்பு வேலைக்கோ நிலத்தை முன்கூட்டியே தயார்செய்பவர்களுக்கு, சிமென்டைக் கலக்கும்போது மண் கலைந்துவிடுமோ என்ற அச்சமில்லாத வழியாக இது பயன்படக்கூடும்.